கருவேல மரத்தை வலம் வந்த ஜீப்

அவருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது, ஜீப் கிடையாது. இருந்தது ஒரு மொபெட். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆனால் திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் யாராவது பழைய ஜீப் வாங்கப் போகிறார்கள் என்றால், கூட அவர் உட்கார்ந்திருப்பார். வண்டி பார்த்துக் கொடுப்பதற்கு ஒரு ரூபாய்கூட வாங்கமாட்டார். மத்தியான வேளையாகிவிட்டால் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். அதிலும் அப்பளம் இரண்டு கேட்பார்.

என் போனில் அவர் நம்பரை ‘ஜீப் ஜெராக்ஸ்’ என்று பதிந்து வைத்திருந்தேன். பிறகு பெயர் தெரிந்தபோது மாற்றத் தோன்றவில்லை. இங்கேயும் பெயர் வேண்டாம்.

நான் அவரைத் தேடிப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது சோலார் பம்ப் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். ஜவ்வாது மலையில் உள்ள ஊர்களில் கம்பெனி நிறைய பம்ப் போட்டிருந்தது. ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடு. அதற்கு மேல் பாதி ஊருக்கு மண் ரோடு, மீதிக்கு அதுவும் இல்லை. மேனேஜர் என்னையும் இன்னொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: மலைக்கு ஒரு ஆள் போதும், சொந்தமாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு மலை, மற்றவருக்கு விழுப்புரம் ஆபீஸ். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் உள்ளூரில் பள்ளிக்கூட வாத்தியார். நான் விழுப்புரம் போனால் தினமும் விடியலில் பஸ் ஏறி, பிள்ளை தூங்கிய பிறகு வந்து சேர வேண்டும். அதனால் எனக்கு மலை வேண்டும், மலைக்கு ஜீப் வேண்டும், அந்த ஜீப் மூன்று லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார். “வேலைக்கு மட்டும்னா லோனுக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? ஞாயித்துக்கிழமை சாத்தனூர் டேம் பக்கம் போறதுக்கும் ஆகணும். பின்னாடி சீட்ல புள்ள படுத்துத் தூங்கணும்” என்றார். வேலைக்கும் ஆகி விளையாட்டுக்கும் ஆகிற வண்டி. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

இதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். அவர் யாருடைய வருமானச் சான்றிதழையோ மெஷினில் வைத்து மூடியபடி, “எந்த வண்டி பாத்து வெச்சிருக்கீங்க மேடம்?” என்றார். போளூர் ரோட்டில் ஒரு சிவப்பு ஜீப்பைச் சொன்னேன். நம்பர் கேட்டார். சொன்னேன்.

“அது வேணாம்.”

“நீங்க பாக்கவே இல்லையேண்ணா?”

“அதோட ஆர்சி புக்கை ரெண்டு வருஷத்துல நாலு தடவ ஜெராக்ஸ் போட்டிருக்கேன். நாலு தடவையும் வேற வேற ஆளு கொண்டாந்தாங்க. நல்ல வண்டியா இருந்தா ஒருத்தன்கூடவா வெச்சிக்க மாட்டான்?”

அந்த ஒரு பேச்சில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மாவட்டத்தில் பாதி வண்டியின் காகிதங்கள் அவர் கை வழியாகத்தான் போயின. அவர் பார்த்துச் சரி என்று சொன்ன வண்டிகளுக்கு மட்டும், ஆர்சி புக்கின் ஒரு நகலை, மை சரியாக ஒட்டாமல் வீணாய்ப்போனதாகப் பார்த்து, கம்பியில் குத்தி மாட்டி வைத்திருப்பார். மொத்தம் முப்பதுக்கு மேல் இருக்கும். இளவயதில் ஒன்பது வருஷம் ஏதோ ஒரு திட்டத்துக்காக வாடகை ஜீப் ஓட்டினாராம். திட்டம் முடிந்ததும் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிவிட்டார். மெக்கானிக் ஷெட்டு வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

“எனக்கு நட்டு கழட்ட வராது மேடம்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் நட்டை முடுக்குவார், கழற்றமாட்டார். முடுக்குவது வலப்பக்கமாகச் சுற்றுவது. கழற்றுவது இடப்பக்கமாகச் சுற்றுவது. அவர் எதையும் இடப்பக்கமாகச் சுற்றமாட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயமே இதுதான். டீயில் சர்க்கரையைக் கலக்கினாலும் ஸ்பூன் வலமாகத்தான் போகும். கடைக்குள் நுழைய மேசைக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. ஒன்றில் போவார், இன்னொன்றில் வருவார். வாங்கப் போகிற ஜீப்பை, அது தன் வலது கைப்பக்கம் இருக்கும்படி மூன்று தடவை சுற்றி வந்த பிறகுதான் கதவில் கை வைப்பார். முதல் தடவை பார்க்கிற, வண்டியை விற்கிறவர்கள், ஏதோ சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

சாமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோயிலுக்குள் அவர் போய்ப் பார்த்தவர்கள் கம்மி. பௌர்ணமிக்குக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்படுவார். ஏன் இப்படி என்று ஒரு தடவை நேராகவே கேட்டேன்.

“இந்த ஊர்ல பொறந்துட்டு வேற எந்தப் பக்கம் சுத்தறது?” என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவரைச் சீண்டுவதென்றால் ரொம்பப் பிடிக்கும். “ஏன் சார், வீட்ல குழாய எப்படித் தொறப்பீங்க? அது இடப்பக்கம் ஆச்சே?”

“தூக்கற குழா போட்டிருக்கேன் சார். மேல தூக்கினா வரும், கீழ அமுக்கினா நிக்கும்.”

“ரவுண்டானால?”

“நம்ம நாட்ல ரவுண்டானா வலந்தான் சார். வெளிநாட்ல இடமா சுத்தறாங்களாமே. அதனாலதான் நான் போகல” என்றார், ஏதோ விசா வந்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் மாதிரி.

முதலில் பார்த்தது செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரரின் ஜீப். வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போக வைத்திருந்தாராம். மிலிட்டரி பச்சை பெயின்ட், முன்னால் நான்கு பெரிய விளக்கு, பட்டை பட்டையாக டயர். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சினிமாவில் வருகிற வண்டி மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால், அவர் என்னை ஏழரைக்கே இழுத்துக்கொண்டு போனார். போனதும் பானெட்டில் புறங்கையை வைத்தார்.

“சூடா இருக்கு. நம்ம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காரு” என்று என் காதோடு சொன்னார். காலையில் முதல் தடவை கிளப்பும்போது வருகிற கஷ்டத்தையும் புகையையும் மறைக்க இது ஒரு வழியாம். மூன்று சுற்று வந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“சார், ஃபோர் வீல் லிவர் இருக்கு. முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் எங்க?”

“அது… மைலேஜுக்காகக் கழட்டி வெச்சிருக்கோம்.”

“எங்க வெச்சிருக்கீங்க?”

கெஸ்ட் ஹவுஸ்காரர் கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம். ஷாஃப்ட் இல்லாமல் முன் சக்கரம் இழுக்காது என்பது, லிவரை நான் எத்தனை தடவை இழுத்துப் போட்டுப் பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நாலு விளக்கைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்திருப்பேன் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இப்படி நான்கைந்து வண்டி கழிந்தது. கடைசியில் கலசப்பாக்கம் பக்கம் ஒரு போர்வெல்காரரிடம் வெள்ளை ஜீப் ஒன்று கிடைத்தது. மேலே தகரக் கூரை, பார்க்க ஒன்றும் இல்லை. பின் சீட்டு கிழிந்திருந்தது. ஆனால் பானெட் சில்லென்று இருந்தது, ஷாஃப்ட் இருந்த இடத்தில் இருந்தது, நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. ஒரே ஓனர். ஆர்சி புக்கை நம்மவர் ஒரே ஒரு தடவைதான் ஜெராக்ஸ் போட்டிருந்தார்.

அதற்கப்புறம் அவருடைய பரீட்சை. எந்த வண்டியானாலும் இரண்டு பாடம். முதல் பாடம் எங்கள் ஊர் மலையைக் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று, பதினாலு கிலோமீட்டர். வேகமாக இல்லை, நடந்து போகிறவர்களை இடித்துவிடாத வேகத்தில். அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போனால் ரேடியேட்டரில் குறை இருந்தால் கொதித்துவிடும், கிளட்ச் தேய்ந்திருந்தால் வாசனை வரும் என்பார். இரண்டாவது பாடம் ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஒரு ஏரியில். ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதைத் தார் ரோட்டில் போட்டு வளைத்தால் வண்டி முறுக்கிக்கொள்ளும், மண்ணில்தான் பார்க்க வேண்டும். ஏரிக்கு நடுவே ஒற்றைக் கருவேல மரம் நின்றது. ஃபோர் வீலைப் போட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, அந்த மரத்தை மூன்று சுற்று வருவார். கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, முன் சக்கரத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டுவார்.

வெள்ளை ஜீப் இரண்டு பாடத்திலும் பாஸ் ஆனது. இறங்கி வந்து, “எடுக்கலாம்” என்றார். ‘நல்ல வண்டி’ என்று எந்த வண்டியையும் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எடுக்கலாம், வேணாம், இரண்டே சர்டிபிகேட்தான்.

ஆனி மாசம் ஜீப்பை எடுத்தோம். கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மலை வேலை எனக்கு வந்தது. விழுப்புரம் அந்த இன்னொருவருக்குப் போனது, பாவம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தனூர் போனோம். கிழிந்த சீட்டின்மேல் போர்வை விரித்து மகள் தூங்கினாள். அந்த இரண்டு மாசம் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். மழை இல்லை, மண் ரோடு காய்ந்து கிடந்தது. ஃபோர் வீல் போட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் தடவை ஃபோர் வீல் போட்டு மலை ஏறியபோது, வளைவுகளில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லா வளைவிலும் இல்லை, சில வளைவில் மட்டும். கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு சத்தமும் இல்லையே என்றார். எனக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்து எடுத்த வண்டி ஆயிற்றே என்று ஒரு தைரியம்.

அடுத்த வாரம், ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு ஊரில் பம்ப் நின்றுவிட்டது. அந்த ஊருக்குக் குடிதண்ணீரே அந்த பம்ப்தான். நானும் பம்ப் ஃபிட்டரும் புது மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம். செங்குத்தான ஏற்றம், சேறு, ஒரு கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். ‘டக் டக்’ வந்தது, உடனே ‘பட்’டென்று ஏதோ உடைந்தது. முன் சக்கரம் இரண்டும் இழுப்பதை விட்டுவிட்டன. பின் சக்கரம் சேற்றில் சுழன்றது. வண்டி பின்னால் சறுக்க ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தும் சறுக்கியது. ஃபிட்டர் கதவைத் திறந்து குதித்தார். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே ரோடு முடிந்து மரங்களின் தலைதான் தெரியும். மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஃபிட்டர் பிறகு சொன்னார். பின் டயர் ஒரு பாறையில் முட்டி நின்றது. இறங்கிப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் இரண்டு முழம் தரை இருந்தது.

ஃபிட்டருக்கு முட்டியில் காயம். அந்த ஊருக்குத் தண்ணீர் வர ஒன்பது நாள் ஆனது. மேனேஜர் சத்தம் போடவில்லை. “வர்ற திங்கட்கிழமை நானே உங்ககூட மலைக்கு வரேன். வண்டி ஏறுச்சுன்னா சரி. இல்லன்னா விழுப்புரம் ஆள மலைக்கு வரச் சொல்லிட்டு, உங்கள அங்க அனுப்பறதத் தவிர வழியில்ல” என்றார்.

மெக்கானிக் முன் ஆக்சிலைப் பிரித்து, இடது சக்கரத்து ஜாயிண்ட் உடைந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தார். அவர் பில் போடும் வரைக்கும் பொறுமையாக இருந்தேன். பிறகு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் மனுவோடு நின்றிருந்தார்கள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை.

“எடுக்கலாம்னு சொன்னீங்களேண்ணா” என்றேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். “எந்தப் பக்கம் திருப்பறப்ப மேடம் சத்தம் வந்துச்சு?”

“இடப்பக்கம்.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே தாளின் நகல் ஐந்து, ஆறு என்று விழுந்துகொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மலையைச் சுற்றினால் மலை எப்போதும் வலப்பக்கம், ரோடு எப்போதும் வலப்பக்கம்தான் வளையும். ஏரியில் மரத்தைச் சுற்றினாலும் வலப்பக்கம்தான். அந்த வண்டியை அவர் இடப்பக்கம் ஒடித்துப் பார்க்கவே இல்லை. எந்த வண்டியையும் பார்த்ததில்லை.

“உங்க பழக்கத்துக்கு என் புள்ளைக்கு அம்மா இல்லாம போயிருக்கும்ண்ணா” என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் மெஷினை நிறுத்தினார். நின்றிருந்தவர்களுக்கு அவரவர் காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார். யாரிடமும் காசு வாங்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, “ஞாயித்துக்கிழம காலைல ஏரிக்கு வண்டிய எடுத்துட்டு வாங்க மேடம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு முன்பே வந்து கருவேல மரத்தடியில் நின்றிருந்தார். ஏரி ஈரமாக இருந்தாலும் தண்ணீர் நிற்கவில்லை. நான் கோபம் ஆறி, கொஞ்சம் வெட்கப்பட்டுப்போய் இருந்தேன். “நானே இடப்பக்கம் ஓட்டறேண்ணா. நீங்க நின்னு கேளுங்க, போதும்” என்றேன்.

“நீங்க ஓட்டினா நீங்க பாத்ததா ஆயிடும். பாக்காம விட்டது நான்” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பினார். ஃபோர் வீல் போட்டார். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்தார். ரோட்டில் வளைவுக்குத் திருப்புவதைப் போலவே, நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கை ஒடிப்பதும் அவருக்குச் சுற்றுவதாகக் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் வண்டி நகரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கை கியரின்மேல் இருந்தது, பார்வை மலைமேல் இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயது ஆளை, அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்ய வைக்கிறோமே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதே சமயம், செய்துதான் ஆக வேண்டும் என்றும் இருந்தது. மறுநாள் அந்த வளைவில் ஏறப்போகிறவள் நான்.

கியர் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வண்டியின் பின் விளக்கு எரிந்தது. ரிவர்ஸ்.

“மரத்துக்கிட்ட போய் நில்லுங்க மேடம்” என்று கத்தினார். “சத்தம் கேட்டா கையத் தூக்குங்க.”

கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்பிக்கொண்டு, அவர் மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஸ்டீயரிங் இடப்பக்கம் ஒடிந்திருக்கிறது. ஆனால் வண்டி பின்னால் போவதால், மரத்தைச் சுற்றுவது வலமாக. முன்னால் போய் இடமாகச் சுற்றினால் முன் சக்கரம் எப்படித் திரும்பி நிற்குமோ அப்படியே நிற்கிறது. அவரும் வலம்தான் வருகிறார். வண்டியின் முகம் மட்டும் எதிர்ப்பக்கம்.

மூன்றாவது சுற்றில் கையைத் தூக்கினேன். மெலிதாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், ‘டக் டக்’. மெக்கானிக் மாற்றியது இடது சக்கரத்து ஜாயிண்ட். சத்தம் வலது சக்கரத்திலிருந்து வந்தது. அதுவும் போகிற நிலையில் இருந்திருக்கிறது. பிரித்தபோது மெக்கானிக் அதைப் பார்க்கவில்லை.

அப்படியே மெக்கானிக் வீட்டுக்குப் போய் அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினோம். சாயங்காலத்துக்குள் அதையும் மாற்றியாயிற்று. திரும்ப ஏரிக்கு வந்து, திரும்ப ரிவர்ஸில் மூன்று சுற்று. நான் கையைத் தூக்கவில்லை. அவர் இறங்கினார். கழுத்து திரும்பவில்லை. தோளோடு சேர்த்து உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்து, “எடுக்கலாம்” என்றார்.

மறுநாள் மேனேஜரை உட்கார வைத்துக்கொண்டு அந்த வளைவில் ஏறினேன். பாறை அங்கேயே இருந்தது. மேனேஜர் போன் பார்த்துக்கொண்டே வந்தார். நான்தான் மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி முன் சக்கரம் இரண்டையும் குனிந்து பார்த்தேன். மலை வேலை என்னிடமே இருந்தது. அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகும்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கடைக்குப் போனபோது, கம்பியில் மாட்டியிருந்த ஆர்சி நகல்களையெல்லாம் கழற்றி மேசைமேல் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், நான் வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடை. உங்க ஜீப்ப நான் சரியாப் பாக்கல. ஒரு நா ஏரிக்கு எடுத்துட்டு வாங்க. ஆமா சார், நான்தான் பாக்காம விட்டது.”

பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் வண்டியை விற்றுவிட்டிருந்தார்கள். யாருக்கு விற்றார்கள் என்று கேட்டு அவர்களையும் தேடினார். மத்தியானம் கடையை மூடிவிட்டு மொபெட்டில் போய் மூன்று மாசம் இதே வேலை. முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளை ரிவர்ஸில் மரத்தைச் சுற்ற வைத்தார். இரண்டில் அதே சத்தம் கேட்டதாம். ஒன்றின் ஓனர் தன் குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்ப இருந்தவராம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் டீயைக் கலக்குவதை நிறுத்தினார்.

அந்த மூன்று மாசமும் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு தடவை, “பேசாம இடப்பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டா இந்தக் கஷ்டமே இல்லையே சார்” என்றார். அவர் உடம்பைத் திருப்பி வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“கழுத்துதான சார் வலிக்குது” என்றார்.

அவர்மேல் எனக்கு இருந்தது பிரியமா பயமா என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உயிரோடு விளையாடுகிற ஒரு பிடிவாதத்தை, அதே பிடிவாதத்தால் சரிசெய்யக்கூடிய ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. சில வருஷம் கழித்து அவர் தன் மகளோடு ஓசூர் போய்விட்டார். கடையில் இப்போது வேறு ஒருவர் மொபைல் கவர் விற்கிறார். ‘ஜீப் ஜெராக்ஸ்’ நம்பருக்குப் போன் போட்டால் யாரோ ஒரு பெண் எடுக்கிறாள்.

வெள்ளை ஜீப்புக்கு வயதாகிவிட்டது. போன மாசம் வேறு ஒன்று தேடத் தொடங்கினேன். தண்டராம்பட்டு பக்கத்துக்காரர் ஒருவர் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தார். பானெட்டைத் தொட்டேன், ஷாஃப்டைப் பார்த்தேன், ஃபோர் வீலைப் போட்டுக் கருவேல மரத்தை மூன்று சுற்று வந்தேன். பிறகு நிறுத்தி, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து, ரிவர்ஸைப் போட்டேன்.

அந்த ஆள் ஓடிவந்தார். “இடப்பக்கம் செக் பண்றதுக்கா மேடம்? சும்மா முன்னாடியே இப்படி ஒரு ரவுண்டு போனா போதுமே. எதுக்குக் கழுத்த ஒடிச்சிக்கறீங்க?”

“தெரியும்ங்க” என்றேன். “நீங்க மரத்துக்கிட்ட போய் நில்லுங்க. சத்தம் கேட்டா கையத் தூக்குங்க.”